தங்கமீனுக்கு எத்தனை குடம் தண்ணீர்?

பிள்ளைகள் அடம் பிடித்தால் தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ போய் ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ் வாங்கிவந்து விடுகிறோம். கவரில் மீன் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொட்டி எவ்வளவு பெரியது வேண்டும், எங்கே வைப்பது என்ற பேச்சே ஆரம்பிக்கிறது. தொட்டியை முதலிலேயே சரியாக வாங்கிவிட்டால் மருந்துச் செலவு மிச்சம், மீன் செத்து மறுபடி வாங்கும் செலவு மிச்சம், தினமும் தண்ணீர் மாற்றும் வேலையும் மிச்சம். காரிமங்கலம் தண்ணீருக்கும் இங்குள்ள வெயிலுக்கும் ஒத்துவருகிற குறிப்புகள் இதோ, தோழிகளே.

1. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வளர்க்க வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர்கூட நிற்காது, வாய் குறுகலாக இருப்பதால் காற்றும் போதாது. இத்தாலியில் மொன்சா நகர சபை 2004-லும் ரோம் நகர சபை 2005-லும் இந்தக் கிண்ணத்துக்குத் தடையே போட்டுவிட்டன. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் மணி பிளான்ட் வையுங்கள், அழகாகப் படரும்.

2. முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்து சேரும் ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். ஒரு மீனுக்கு ஐந்து குடம், ஜோடிக்கு எட்டுக் குடம் என்று மனதில் வைத்துக்கொண்டால் கடையில் யாரும் நம்மைக் குழப்ப முடியாது.

3. கடைக்குப் போகும்போது கைப்பையில் இன்ச் டேப் இருக்கட்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைத்துவிடும். மேலே இரண்டு அங்குலம் காலியாக விடுவோம் என்பதால் அதைக் கழித்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

4. கடையில் அதிகம் விற்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. அதில் நிற்கும் தண்ணீர் 47 லிட்டர்தான், ஒரு கோல்டு ஃபிஷ்ஷுக்கே பற்றாது. 24 அங்குல நீளத்தில் அகலமும் உயரமும் 15 அங்குலம் என்று சொல்லிச் செய்யச் சொன்னால் 76 லிட்டர் நிற்கும். அதே அகலம், உயரத்தில் நீளத்தை 36 அங்குலம் ஆக்கினால் 115 லிட்டர், ஒரு ஜோடிக்கு அளந்து வைத்ததுபோல் சரியாக வரும். கோல்டு ஃபிஷ்ஷுக்குத் துணை பிடிக்கும். அதனால் வாங்குவதே வாங்குகிறோம், மூன்றடித் தொட்டியாகவே வாங்கிவிடுங்கள்.

5. உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டி நல்லது. காற்று தண்ணீரில் கலப்பது மேல்பரப்பு வழியாகத்தான், அது அகலமாக இருந்தால் ஆக்சிஜன் மோட்டாருக்கும் வேலை குறையும். உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்யவும் நீளத் தொட்டிதான் சுலபம்.

6. "தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். கெட்ட தண்ணீரில் வளர்ச்சி நின்று, உடம்பு கோணி, சீக்கிரம் செத்துவிடுகிறது. அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கோல்டு ஃபிஷ் கெண்டை இனம். நல்ல இடம் கிடைத்தால் ஒரண்டா, ரெட் கேப் மாதிரி குண்டு ரகங்களே 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வரும்.

7. ஒற்றை வாலோடு ஒல்லியாக இருக்கும் காமெட், சாதா ரகங்கள் ஒரு அடிவரை வளரும், ஓட்டமும் அதிகம். அவற்றுக்கு மூன்றடித் தொட்டியும் பற்றாது, கொல்லையில் சிமெண்ட் தொட்டிதான் சரி. குண்டு ரகத்தோடு இவற்றைச் சேர்த்து விட்டால் இவையே தீனியை முழுக்கத் தின்றுவிடும்.

8. கொல்லையில் இடம் இருக்கிறவர்கள் கண்ணாடித் தொட்டிக்குச் செலவழிக்கவே வேண்டாம், கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை இரண்டு போதும். 3 அடி விட்டமுள்ள உறையில் ஒரு அடி தண்ணீருக்கு 200 லிட்டர் நிற்கும், ஒன்றரை அடி நிறைத்தால் 300 லிட்டர். இரண்டு உறையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் கான்கிரீட் போட்டு, உள்ளே பூசிவிட்டால் வேலை முடிந்தது. மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே துளை போட்டு வலை கட்டிவிடுங்கள், மழைத் தண்ணீர் நிரம்பி வழிந்தால் மீன் வெளியே போகாது.

9. புது சிமெண்ட் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது, சுண்ணாம்புக் காரம் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நிறைத்து, வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு, ஒரு வாரம் கழித்துக் கொட்டிவிட்டு மறுபடி நிறையுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்த பிறகு மீன் விடலாம்.

10. பல வீட்டில் மீன் இல்லாத பழைய தொட்டி மொட்டை மாடியில் கிடக்கும், கேட்டால் பாதி விலைக்கே கொடுப்பார்கள். சமதளமான தரையில் வைத்து, தண்ணீர் நிறைத்து, இரண்டு நாள் ஒழுகுகிறதா பாருங்கள். ஒழுகினால் பழைய சிலிக்கானைச் சுரண்டிவிட்டு மீன் தொட்டிக்கு என்றே விற்கிற சிலிக்கானைப் போடுங்கள். பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கானில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும், அது மீனைக் கொல்லும்.

11. தொட்டியைக் கழுவ சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். கல் உப்பைக் கையில் அள்ளித் தேய்த்து, நாலு தண்ணீர் விட்டு அலசினால் பளிச்சென்று ஆகிவிடும்.

12. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் மூன்றடித் தொட்டி 150 கிலோ பக்கம் வந்துவிடும், டிவி மேஜை தாங்காது. இரும்பு ஸ்டாண்ட் வாங்க மனமில்லையென்றால் சுவரோரம் ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே கடப்பா கல் போட்டுவிடுங்கள். மிக்ஸி, டிவி வந்த பெட்டியில் கிடைத்த தெர்மாகோலைச் சமமாக வெட்டித் தொட்டிக்கு அடியில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடாது.

13. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி வைத்தால் வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும். லைட்டும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும். மீனுக்குக் கண் இமை கிடையாது, ராத்திரி இருட்டாக இருந்தால்தான் அதற்கு ஓய்வு.

14. ஆக்சிஜன் மோட்டார் அறையில் உள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. கொசுவர்த்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே போடுகிற அறையில் தொட்டி இருந்தால் அந்த மருந்தும் சேர்ந்து உள்ளே போகும், மனிதருக்குத் தெரியாத அளவே மீனுக்கு விஷம். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

15. நம் தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் திறந்தார்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் மீனுக்கும் நல்லதுதான், ஆனால் குளோரின் கலந்து வரும். வாய் அகன்ற பக்கெட்டிலோ அண்டாவிலோ பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். குடத்தில் மூடி வைத்தால் குளோரின் போகாது. அவசரம் என்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு கிடைக்கும், புட்டியில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

16. போர் தண்ணீர் உப்புச் சுவையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், கொஞ்சம் கடினமான தண்ணீர் கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் ஆழத்திலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவு. ராத்திரி பிடித்து வைத்து, காலையில் ஒரு குவளையால் மொண்டு மொண்டு ஊற்றி ஆற்றிய பிறகு தொட்டியில் விடுங்கள்.

17. பெரிய தொட்டி ஏன் என்பதற்கு முக்கியக் காரணம் இந்தத் தண்ணீர்தான். மீன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும், மிஞ்சின தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேரும். தண்ணீரில் காரத்தன்மை கூடக் கூட அதே அளவு அமோனியா அதிக விஷமாக மாறும். மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் மீன் தாங்கிக்கொள்கிற அழுக்கை, போர் தண்ணீர் ஊற்றுகிற நம் தொட்டியில் தாங்காது. தண்ணீர் கூடுதலாக இருந்தால் விஷம் கலந்து நீர்த்துப் போகும், நமக்கும் நாலு நாள் அவகாசம் கிடைக்கும்.

18. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், முழுசாகக் கொட்டி மாற்ற வேண்டாம். அரை இன்ச் டியூபில் தண்ணீர் நிறைத்து, ஒரு முனையைத் தொட்டி அடியிலும் மறு முனையைக் கீழே பக்கெட்டிலும் விட்டால் அடியில் கிடக்கும் கசடும் சேர்ந்து வந்துவிடும். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் சாமந்திக்கும் ஊற்றுங்கள், உரம் வாங்கவே வேண்டாம்.

19. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றியதைப் பார்த்து மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் போதாது. வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும். கொஞ்சம் எடுத்துவிட்டு ஊற்றினால்தான் சரி.

20. ஆர்.ஓ. தண்ணீரை மீனுக்கு ஊற்றி வீணாக்காதீர்கள், அதில் மீனுக்கு வேண்டிய தாதுவே இருக்காது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரும் தொட்டிக்கு ஆகாது, அதில் உப்பு கூடுதல். அது வீடு துடைக்கப் போதும்.

21. கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் வெள்ளைக் கோடு படிந்தால் தண்ணீரை மூன்று விரல்கடை குறைத்துவிட்டு, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியால் தேயுங்கள். ஐந்து நிமிஷம் ஊறியதும் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். பிளேடு வைத்துச் சுரண்டினால் கண்ணாடியில் கோடு விழும்.

22. புதுத் தொட்டியில் அமோனியாவைத் தின்கிற நல்ல பாக்டீரியா வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நோயில்லாமல் மீன் வளர்க்கும் தோழி வீட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டரை உங்கள் தொட்டித் தண்ணீரில் பிழிந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்புத் தண்ணீர் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் காசு கொடுத்து வாங்கும் புட்டி மருந்தைவிட நம்பகமானது. முதல் மாதம் ஒரே ஒரு மீன் போதும், இரண்டாவதை அப்புறம் விடுங்கள்.

23. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பட்டால் அந்த நல்ல பாக்டீரியா செத்துவிடும். வாரம் தண்ணீர் மாற்றும்போது எடுத்து வைத்த பக்கெட் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

24. கூடுதல் ஃபில்டர் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். பக்கவாட்டில் துளைகள் போட்டு, பாத்திரம் தேய்க்கும் புது பிளாஸ்டிக் நாரை உள்ளே திணித்து, நடுவில் மோட்டார் டியூபை விட்டு, அடியில் இரண்டு கூழாங்கல் போட்டுவிடுங்கள். கம்பி நார் வேண்டாம், துருப்பிடிக்கும்.

25. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்கி மோட்டார் கெட்டுப்போகும். ஒயரை பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழேயே சொட்டிவிடும்.

26. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. அன்றைக்குத் தீனி போடாதீர்கள், தின்ற மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. செல்போன் பவர் பேங்கில் ஓடும் சின்ன யுஎஸ்பி மோட்டார் ஒன்று வாங்கி வைத்தால் கவலையே இல்லை. அதுவும் இல்லையா, மணிக்கு ஒருமுறை குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

27. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துப் 'பக் பக்' என்று திறந்து மூடினால் பசி என்று தீனி போட்டுவிடாதீர்கள். செவுள் வேகமாக அடித்துக்கொள்கிறதா பாருங்கள், அடித்தால் அது மூச்சுத் திணறல். உடனே கால்வாசித் தண்ணீர் மாற்றி, மோட்டார் கல்லில் குமிழி சரியாக வருகிறதா கவனியுங்கள், அடைத்திருந்தால் கல்லை மாற்றுங்கள்.

28. கோல்டு ஃபிஷ்ஷுக்குப் பிடித்த சூடு 18 முதல் 24 டிகிரி, அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டுத் தண்ணீர் அதைச் சுலபமாகத் தாண்டும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். ஃப்ரீசரில் அரை லிட்டர் பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, மதியம் மூடியோடு மிதக்க விடுங்கள். ஐஸ் கட்டியை அப்படியே கொட்டினால் சூடு சட்டென்று இறங்கி மீன் நோயில் விழும். கொல்லை உறைத் தொட்டிக்கு ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, மேலே தென்னை ஓலை போடுங்கள்.

29. மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். நம் ஊர்க் குளிரை இந்த மீன் சந்தோஷமாகத் தாங்கும், அந்தப் பணத்தில் இரண்டாவது மோட்டார் வாங்கலாம்.

30. அடியில் போடக் கலர் கல் வேண்டாம். கோல்டு ஃபிஷ் நாள் முழுக்கக் கல்லை வாயில் எடுத்துத் துப்பிக்கொண்டே இருக்கும், பட்டாணி அளவுக் கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். நன்றாகக் கழுவிய மெல்லிய ஆற்று மணல் அல்லது வாயில் நுழையாத பெரிய கூழாங்கல் போடுங்கள். நம் பக்கத்துக் கருங்கல் துண்டு நல்லது, தண்ணீரை மாற்றாது. மற்ற கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு.

31. கடையில் சரக்கு வந்த அன்றே மீன் வாங்காதீர்கள். சென்னை கொளத்தூர் மாதிரி தூரத்திலிருந்து கவரில் வந்த மீன், களைப்பில் எது பிழைக்கும் எது போகும் என்று நாலைந்து நாளில்தான் தெரியும். துடுப்பை விரித்து நீந்துவதை எடுங்கள், ஒரு மீன் செத்துக் கிடக்கும் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

32. வீட்டுக்கு வந்ததும் கவரைப் பிரிக்காமல் தொட்டியில் 20 நிமிஷம் மிதக்க விடுங்கள். பிறகு பிரித்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். ஏற்கெனவே மீன் இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனியாகப் பெரிய டப்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

33. கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது, கொடுக்கக் கொடுக்கத் தின்றுகொண்டே இருக்கும். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு இரண்டு வேளை போதும். வீட்டில் ஆளுக்கு ஒரு பிடி போட்டுவிடுகிறார்களா? அன்றைய தீனியைக் காலையில் ஒரு பாட்டில் மூடியில் எடுத்து வையுங்கள், மூடி காலியானால் அன்றைக்கு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

34. குண்டு ரக மீனுக்கு உருண்டைத் தீனியை ஒரு நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள். காய்ந்ததைத் தின்று வயிறு உப்பி, மல்லாந்து மிதந்தால் ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியை நசுக்கிக் கொடுங்கள். பொரி, பிரெட், சோறு எதுவும் வேண்டாம்.

35. மாட்டுக்கு அசோலா வளர்க்கும் வீடுகளில் மீன் தீனிச் செலவு பாதியாகும். ஒரு கைப்பிடி அசோலாவை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, சாண வாடை போன பிறகு மிதக்க விடுங்கள், சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடும்.

36. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மூன்று நான்கு நாள் தீனி இல்லாமலே நன்றாக இருக்கும். பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

37. செவுள் மூடியிலும் முன் துடுப்பு ஓரத்திலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மருந்துக்கு ஓடாதீர்கள், அது இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு வருவது. உடம்பு, வால் எல்லாம் உப்புத் தூவியதுபோல் இருந்து, மீன் கல்லில் உரசினால்தான் நோய். கொல்லைத் தொட்டியில் கூட்டமாக மீன் சாகிறதென்றால் தருமபுரி மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

38. கொல்லைத் தொட்டியில் கொசு வரும் என்ற பயம் வேண்டாம், கோல்டு ஃபிஷ் கொசுப் புழுவைத் தேடித் தின்னும். டெங்கு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு மீனைக் காட்டிவிடுங்கள். மீன்கொத்தியும் பூனையும் அண்டாமல் மேலே பழைய கொசுவலையைக் கட்டிவிட்டால் போதும்.

39. இடமும் தண்ணீரும் சரியாக இருந்தால் கோல்டு ஃபிஷ் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். இங்கிலாந்தில் டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 43 வருஷம் வாழ்ந்து 1999-இல் செத்தது. அதனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கும் மீன், பிள்ளை கல்லூரிக்குப் போகிற வரை வீட்டில் இருக்கும் என்று எண்ணித்தான் தொட்டி வாங்க வேண்டும்.

40. வளர்க்க முடியாமல் போனால் தும்பலஅள்ளி அணையிலோ ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். இந்த மீன் அடிச் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், தொட்டி நோயை அங்கே பரப்பும். பெரிய தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.